மூன்று பேருக்கு மூன்று வரி

புரொடக்‌ஷன் மேனேஜர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, டாய்லெட் டோக்கன் பற்றி நான் எழுதிய பாட்டை வாசித்தார். பாடவில்லை, வாசித்தார். எந்தப் பெட்டியில் எத்தனை ஜோடி ஷூ என்று கணக்குப் படிப்பாரே, அதே குரல்.

"டோக்கன் குடுங்க சார், டோக்கன் குடுங்க. அவசரம் எனக்கில்ல, என் வயித்துக்குங்க. லைன்ல இருக்குது அறுபது பேரு. டோக்கன் ஒண்ணுதான், நியாயம் கூறு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹெச்.ஆர். பெண் கீழுதட்டைக் கடித்துக்கொண்டு மேசையையே பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. ஏசி காற்றில் அவருடைய மேசைமேல் இருந்த காலண்டர் தாள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

தாளை நான்காக மடித்தார். "நீங்க எழுதுனதாம்மா?" என்று கேட்டார்.

யாரும் கோபப்படப் போவதில்லை, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன் என்றார். கோபமில்லை என்று சொல்லிக்கொண்டு பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. அவர் தொடர்ந்து, நான் வேலை பார்த்த ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் மேசை பொறுப்பான ஆட்கள் உட்காருகிற இடம் என்றார். நிர்வாகத்தைக் கேலி செய்யக்கூடாது என்று ஒரு மெமோவை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது வேலையைப் பற்றி நினைத்திருக்க வேண்டும். வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். தங்கை அப்போது நர்சிங் இரண்டாம் வருஷம். ஆனால் என் தலைக்குள் வேறொன்று ஓடியது.

அந்தப் பாட்டு அதுவரை எந்த மேடையிலும் ஏறவில்லை. உலகத்தில் நான்கு பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருத்தி நான்.

நாங்கள் நால்வர்

கல்லூரிப் பாடகர் குழுவைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். இந்த வாரம்தான் புதிதாக வாசிக்கிறவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். வேலூரில் படித்த காலத்தில் அந்தக் குழுவில் ஒட்டிக்கொண்ட நான்கு பேர், படிப்பு முடிந்து வெகு நாள் கழித்து, ஆம்பூரில் மறுபடியும் ஒரு மாடி அறையில் கூடினோம். கீழே சாமுவேலின் அப்பா நடத்தி மூடிவிட்ட ஷூ லேஸ் கடை. மேலே பழைய அட்டைப் பெட்டிகள், பசை வாடை, ஒரு மின்விசிறி.

சாமுவேல் பாடுவான், பேஸ் கிடாரும் வாசிப்பான். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை. இம்தியாஸ் லீட் கிடார். பேரணாம்பட்டுக்காரன், தோல் பதனிடும் டேனரிகளுக்குக் கெமிக்கல் சப்ளை செய்கிறவன். தேவா டிரம்ஸ். ஒடுகத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், நான் வேலை பார்த்த அதே ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தான். நான் கீபோர்டு. சர்ச்சில் கீர்த்தனைக்கு வாசித்த கை. பாட்டு எழுதுவதும் நான்தான்.

பேண்டுக்குப் பெயர் 'வெட் ப்ளூ'. குரோமில் ஊறவைத்து எடுத்த தோல் நீல நிறமாக, ஈரமாக இருக்கும். அதைத்தான் டேனரியில் அப்படிச் சொல்வார்கள். வெளிநாட்டில் ப்ளூஸ் என்று ஒரு சோக இசை இருக்கிறது, நம்முடையது நனைந்துபோன ப்ளூஸ் என்று இம்தியாஸ் விளக்கம் கொடுத்தான். யாருக்கும் புரியவில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

எங்கள் பாட்டெல்லாம் கேலிப் பாட்டு. பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை பார்க்க வருகிற பெண் ரயில் எங்கள் ஊரை நெருங்கியதும் தோல் வாடைக்கு மூக்கைப் பொத்துகிறாள். மாப்பிள்ளை பாடுகிறான்: 'மூக்கைப் பொத்தாதே கண்ணே, முகூர்த்தம் முடியட்டும்.' இதற்கு இம்தியாஸ் கிடாரில் அழுகிற மாதிரி ஒன்று வாசிப்பான். சிரிக்காமல் வாசிப்பான், அதுதான் விசேஷம்.

மேடை அதிகம் கிடைக்கவில்லை. காட்பாடியில் பழைய மாணவர்கள் கூட்டம் ஒன்று. சர்ச்சில் ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி. பேரணாம்பட்டில் இம்தியாஸின் சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம். அங்கே மூன்றாவது பாட்டில், பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, பிளக்கைத் தானே பிடுங்கிவிட்டு, சாப்பிட வாங்க என்று மரியாதையாக அழைத்தார். போய்ச் சாப்பிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்கு அந்த மாடிக்குப் போவது எனக்கு வாரத்தின் மற்ற ஆறு நாளையும் தாங்க வைத்தது. இதை அப்போது யாரிடமும் சொன்னதில்லை.

நாக்கைத் தூக்கு

எனக்குச் சந்தேக புத்தி எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். அம்மா முன்பு நர்ஸாக இருந்தவர். மாத்திரையை முழுங்கிவிட்டேன் என்று சொல்கிற நோயாளியிடம், 'நாக்கத் தூக்கு' என்பாராம். பாதிப் பேருக்கு அடியில் மாத்திரை இருக்குமாம். வீட்டிலும் அதே பழக்கம். பல் தேய்த்தாயா என்று கேட்டுவிட்டு வாயை முகர்ந்து பார்ப்பார்.

எனக்கு அமைந்த வேலையும் அப்படித்தான். ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். குறையே இல்லாத ஜோடி வந்தால் இன்னும் ஒரு தடவை பார்ப்பேன். எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று தோன்றும்.

மெமோ வாங்கிய அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து மூன்று முகங்களையும் அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

இம்தியாஸ். எங்கள் கம்பெனி முதலாளிக்கே டேனரியும் உண்டு. அதற்குக் கெமிக்கல் போடுவது இவன். மேனேஜரோடு டீ குடிப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆர்டர் வேண்டுமானால் நாலு சிரிப்பான கதை சொல்ல வேண்டியிருக்கும். சொல்லியிருப்பான்.

சாமுவேல். போன மாதம் அவன் எழுதி வந்த ஒரு சரணத்தை நான் வெட்டிவிட்டேன். பரவால்ல என்று இரண்டு தடவை சொன்னான். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

தேவாவை நான் சந்தேகப்படவே இல்லை. அவனுக்குப் பொய் வராது. டிரம்ஸில் அடுத்து எங்கே அடிக்கப் போகிறான் என்பது முதலில் அவன் முகத்தில் தெரியும்.

என் மனதுக்குள் இம்தியாஸ்தான் என்று முடிவாகிவிட்டது. ஆதாரம் மட்டும் பாக்கி.

மெமோவைப் பற்றி மூன்று பேரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் ஆள் உஷாராகிவிடுவான் என்று நினைத்தேன். நான் செய்த முதல் தப்பு இதுதான். அடுத்தது இதைவிட மோசம்.

நாலாவது வரி

டோக்கன் பாட்டுக்குப் புதிதாக ஒரு சரணம் எழுதினேன். தையல் பிரிவில் அறுபது பெண்களுக்கு ஒரே ஒரு டாய்லெட் டோக்கன், அது கையில் இருந்தால்தான் எழுந்து போகலாம் என்பது நிஜம். யாராவது போய்ச் சற்று நேரமானால் மேனேஜர் அந்தப் பக்கம் நடந்து போவார் என்பதும் நிஜம். அதைத்தான் எழுதினேன்.

'உள்ள போனவ வரல இன்னும், ஒம்போது நிமிசம் ஆச்சி, வாசல்ல நிக்கிறாரு சாரு...' இதுவரை மூன்று பேருக்கும் ஒன்று. நாலாவது வரியில் மட்டும் ஒரு சொல்லை மாற்றினேன். சாமுவேலுக்கு 'வாட்ச்ச புடிச்சி'. இம்தியாஸுக்கு 'விசில புடிச்சி'. தேவாவுக்கு 'குடைய புடிச்சி'. மேனேஜர் காதுக்கு எந்தச் சொல் போகிறதோ, அதைக் கொண்டுபோனவன் யார் என்று தெரிந்துவிடும்.

தனித்தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மனப்பாடம் பண்ணி வை, ஞாயிற்றுக்கிழமை வரை மத்தவங்ககிட்ட பேசாதே, சர்ப்ரைஸ் என்று ஒவ்வொருவருக்கும் எழுதினேன். சாமுவேல் கட்டை விரலைத் தூக்கி அனுப்பினான். இம்தியாஸ் 'சூப்பர் தோஸ்த்' என்றான். தேவா சிரித்து அழுகிற முகங்களை வரிசையாக அனுப்பினான். ஒன்றிரண்டு இல்லை, ஒரு வரி முழுக்க.

அந்த வாரம் முழுவதும் விசில் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஷூக்களை ஒழுங்காகப் பார்க்கவில்லை. தையல் பிரிந்த இரண்டு ஜோடி என் மேசையைத் தாண்டிப் போயின.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஷிஃப்ட் விட்டு கேட்டை நோக்கிப் போகும்போது மேனேஜரின் கார் என் அருகில் மெதுவானது. கண்ணாடி இறங்கியது.

"எஸ்தர், நான் குடையெல்லாம் புடிக்கறதில்லையேம்மா," என்றார்.

கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது.

சனிக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டு, இன்ஸ்பெக்‌ஷன் மேசையிலிருந்து எடுத்து, தையல் பிரிவில் ரீவொர்க் மேசைக்குப் போடுவதாகச் சொன்னார்கள். திங்களிலிருந்து. அணிந்திருந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஸ்டோரில் கொடுக்கச் சொன்னார்கள்.

அந்த ஞாயிறு

மாடிக்கு நான்தான் முதலில் போனேன். கீபோர்டைத் திறக்கவில்லை. மூவரும் வந்து உட்கார்ந்ததும், புதுச் சரணத்தை ஆளுக்கு ஒரு தடவை பாடிக் காட்டச் சொன்னேன்.

சாமுவேல் பாடினான். வாட்ச். இம்தியாஸ் பாதியிலேயே நிறுத்தி, வாட்ச் இல்லையே, விசில் என்றான். தேவா சிரித்தான். "இன்னாடா விசிலு, குடைடா," என்றான். மூன்று பேரும் போனை எடுத்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு சிரித்தார்கள். நான் மறந்துபோய் மாற்றி அனுப்பிவிட்டேன் என்று நினைத்தார்கள்.

நான் சிரிக்கவில்லை என்பதை முதலில் கவனித்தவன் இம்தியாஸ்.

எல்லாவற்றையும் சொன்னேன். மெமோ, மேனேஜர், காரின் கண்ணாடி, குடை, கழற்றிக் கொடுத்த கோட்டு. சொல்லச் சொல்ல என் குரல் கெட்டியானது. கடைசியில் தேவாவைப் பார்த்து, நீயா என்று கூடக் கேட்கவில்லை. நீதான் என்றேன்.

தேவா போனைச் சட்டைப் பையில் போட்டான். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தரம் கிறீச்சிட்டது. பிறகு கேட்டான்: "மெமோ குடுத்தாங்கன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ உஷாராயிருப்ப," என்றேன்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சாப்பாட்டு நேரத்துல என்று ஆரம்பித்தான். போதும் என்று கையைக் காட்டினேன். எழுந்தான், படியில் இறங்கினான். செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது.

சாமுவேல் தலையைக் குனிந்துகொண்டு வயரைச் சுற்றினான். இம்தியாஸ் கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தான். பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"உனக்கு முதல்ல என் மேலதான இருந்துச்சி?" என்றான்.

நான் கீபோர்டின் உறையைச் சரிசெய்தேன். அதுவே பதிலாகிவிட்டது. வெட் ப்ளூ நான்கு பேராகக் கூடிய கடைசி ஞாயிறு அதுதான்.

கோட்டு இல்லாத நாட்கள்

ரீவொர்க் மேசை என்பது தையல் பிரிவின் கடைசியில், டாய்லெட் கதவுக்கு எதிரில் இருந்தது. கோணலான தையலைப் பிரித்து மறுபடி தைக்கக் கொடுக்கிற வேலை. சுற்றிலும் மெஷின்களின் இரைச்சல். முதல் இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரியும். மேலிடத்திலிருந்து வேவு பார்க்கப் போட்ட ஆள் என்று நினைத்தார்கள். இதைப் பின்னாளில் எனக்குச் சொன்னவள் செல்வி. என் பக்கத்து மெஷின்காரி, என் வயதுதான் இருக்கும்.

இரண்டாவது வாரம் ஒரு நாள் கரண்ட் போனது. ஜெனரேட்டர் வருவதற்கு முன் ஓர் அமைதி விழும். அந்த அமைதியில் மூன்றாவது வரிசையில் யாரோ மெதுவாக ஆரம்பித்தார்கள். டோக்கன் குடுங்க சார். அடுத்த வரிசை எடுத்துக்கொண்டது. நூல் பாபின் டப்பாவில் ஒருத்தி தாளம் தட்டினாள். வாசல்ல நிக்கிறாரு சாரு என்ற இடம் வந்தபோது அறுபது பேரும் ஒரே குரலில், 'குடைய புடிச்சி' என்று முடித்துவிட்டுச் சிரித்தார்கள்.

ஜெனரேட்டர் வந்துவிட்டது. மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. எனக்குக் கை ஓடவில்லை.

சாப்பாட்டு வேளையில் செல்வியிடம் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது, இருந்தும் கேட்டேன். கட்டிங் செக்‌ஷன் தேவா அண்ணன் சொல்லிக் கொடுத்தது என்றாள். மதியச் சாப்பாட்டுக்கு வேப்ப மரத்தடியில் உட்காரும்போது டிபன் பாக்ஸைக் கவிழ்த்து வைத்துத் தட்டிப் பாடுவானாம். முதல் சரணத்தை எப்போதோ சொல்லிக் கொடுத்துவிட்டானாம். மேனேஜருடைய டிரைவர்கூட முணுமுணுக்கிறார் என்றாள். குடை வரி வந்த அன்று, ஓடிவந்து சொன்னானாம்.

யார் எழுதியது என்று சொன்னானா என்று கேட்டேன்.

"எங்க எஸ்தர் எழுதுனதுன்னு தினம் சொல்லும். அது யாரோ அவங்க ஊரு பொண்ணுன்னு நெனச்சினு இருந்தோம். நீங்களாக்கா அது?"

மேனேஜருக்கு எந்த எஸ்தர் என்று தெரிந்திருக்கிறது. எங்கள் பேண்டைப் பற்றி ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். ஆக, ஒற்றன் யாருமில்லை. அறுபது பேர் பாடுகிற பாட்டை ஒருவரிடமிருந்து மறைக்க முடியாது, அவ்வளவுதான். என் பாட்டு எங்கள் காலத்திலேயே பிரபலமாகியிருந்தது. அது தெரியாத ஒரே ஆள் நான். வெள்ளைக் கோட்டோடு நான் அந்தப் பிரிவுக்குள் நுழைந்தபோதெல்லாம் அவர்கள் பாட்டை நிறுத்தியிருக்கிறார்கள்.

சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

இதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியில், செல்வி சொல்வது உண்மைதானா, தேவா அவளிடம் அப்படிச் சொல்லச் சொன்னானா என்றும் ஒரு கணம் யோசித்தேன். அந்த நினைப்பு வந்ததும்தான் என்னைக் கண்டு எனக்கே பயம் வந்தது.

ஒடுகத்தூரில்

கடலை பிடுங்குகிற நாட்கள். தேவா லீவு போட்டுவிட்டு ஊரில் இருப்பதாகச் சொன்னார்கள். போன் செய்தால் எடுக்க மாட்டான் என்று பயந்து, சொல்லாமலே பஸ் ஏறினேன்.

வயலில் கொடிகளைக் குவித்து வைத்து, அவனும் அவன் மனைவியும் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மலைப் பக்கமிருந்து காற்று வந்தது. என்னைப் பார்த்ததும் அவன் மனைவி சாக்கு விரித்து உட்காரச் சொன்னார். தேவா எழுந்திருக்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை. நானும் ஒரு கொடியை எடுத்து ஆய ஆரம்பித்தேன். மண் ஈரமாக இருந்தது.

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் சாப்பாட்டு நேரத்துல என்று சொல்ல வந்ததை அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும் என்றேன். மத்தவங்ககிட்ட பேசாதே என்று நான் எழுதியிருந்ததைப் பற்றிக் கேட்டேன். மத்தவங்க என்றால் பேண்டில் இருக்கிறவர்கள் என்று நினைத்தானாம். அந்தப் பெண்களை அவன் மற்றவர்களாக நினைக்கவில்லை. அவர்களைப் பற்றிய பாட்டுதானே.

மேசை மாற்றிவிட்டதற்கு அவன் வருத்தப்பட்டான். என் பெயரை அவ்வளவு சத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாது, அது தன் தப்பு என்றான். நான் கேட்காமலே அவன் தன் தப்பை ஒப்புக்கொண்டது எனக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா என்று கேட்டேன்.

கையிலிருந்த கொடியை உதறினான். "கோவம்லாம் இல்ல எஸ்தர். ஆனா இனிமே நீ கீபோர்டு வாசிக்கிறியா, என்ன பாத்துனு இருக்கியான்னு எனக்குத் தோணும். அது தோணுச்சின்னா தாளம் நிக்காது," என்றான்.

அவன் மனைவி ஒரு பை நிறையப் பச்சைக் கடலை கொடுத்தார். தேவா ரோடு வரை வந்தான். பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

அப்புறம்

மூன்று பேராகச் சில ஞாயிறுகள் கூடிப் பார்த்தோம். சாமுவேலின் போனில் டிரம்ஸ் சத்தம் போடுகிற ஆப் ஒன்று. தாளம் துல்லியமாக இருந்தது, சிரிப்பு வரவில்லை. மழைக்காலத்தில் மாடி ஒழுக ஆரம்பித்ததும் அதைக் காரணம் காட்டி நிறுத்தினோம். உண்மையான காரணத்தை யாரும் சொல்லவில்லை.

தையல் பிரிவில் டோக்கன் இரண்டானது. பாட்டால் ஆனதா, வேறு எதனாலா என்று தெரியாது. எட்டு மாதம் கழித்து என்னை மறுபடி இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்குக் கூப்பிட்டார்கள். போனேன். கோட்டு மட்டும் போட்டுக்கொள்ளவில்லை, புழுக்கமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

இம்தியாஸோடு சிநேகம் திரும்பியது. ஆனால் என் முன்னால் யாரிடமாவது போன் பேசினால், வைத்துவிட்டு, கேட்காமலே யார் என்று சொல்லிவிடுவான். வேண்டுமென்று செய்கிறானா, பழகிவிட்டதா, தெரியவில்லை. கேட்டதில்லை.

இந்த அத்தியாயத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கும் முன் மூன்று பேருக்கும் அனுப்பி, ஆட்சேபம் உண்டா என்று கேட்டேன். சாமுவேல் சரி என்றான். இம்தியாஸ், தான் கிடாரில் வாசித்தது அழுகை இல்லை, அது ஒரு ராகம் என்று திருத்தம் சொன்னான். தேவாவிடமிருந்து இரண்டு நாள் பதில் இல்லை.

மூன்றாம் நாள் போன் செய்தான். ஒன்றும் மாற்ற வேண்டாம், போட்டுக்கோ என்றான். தாமதத்துக்குக் காரணம் கேட்டேன். சாமுவேலையும் இம்தியாஸையும் லைனில் வைத்துக்கொண்டு, மூன்று பேருக்கும் வந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துப் பார்த்தார்களாம்.

"ஒரே மாதிரிதான் இருந்துச்சி," என்றான்.